சிவப்பணு எந்த வழியாக வந்தது?

யூரினில் ரத்தம் என்றதும் எங்கள் ஊர்ப் பக்கம் முதலில் வாங்குவது வாழைத்தண்டு. அடுத்து இளநீர், பார்லித் தண்ணி, நாட்டு மருந்துக் கடையில் சிறுநெருஞ்சி முள். அதெல்லாம் ஒரு சுற்று முடிந்த பிறகு ஸ்கேன். கல் தெரிந்தால் கல். தெரியாவிட்டால், "பொடிக் கல்லா இருந்திருக்கும், தானா விழுந்திருக்கும்." ரத்தமும் நின்றுவிட்டால் இந்த விளக்கத்துக்கு மறுபேச்சே கிடையாது. கல் இருந்ததை யாரும் பார்க்கவில்லை, விழுந்ததையும் பார்க்கவில்லை, இருந்தாலும் கல்.

கல்லின் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. வயல்வேலையும் கட்டட வேலையும் பார்த்துக்கொண்டு, தண்ணீர் குடிக்க மறந்துபோகிறவர்கள் நிறைந்த ஊர் இது. விலாவில் பிடித்து அடிவயிறு வரை இறங்கும் வலியோடு ஒருவர் சுருண்டுகொண்டு வந்தால் கல்லைச் சந்தேகப்படுவதுதான் நியாயம். நான் சொல்ல வருவது வேறு ஆட்களைப் பற்றி. வலி இல்லை, காய்ச்சல் இல்லை, எரிச்சல் இல்லை. ஒருநாள் திடீரென்று டிகாஷன் நிறத்தில் போகிறது. இவர்களில் சிலருக்கு ரத்தம் வருவது சிறுநீரகத்தின் வடிகட்டியிலிருந்தே. அவர்களுக்கு ஸ்கேன் பெரும்பாலும் நார்மல் என்றுதான் வரும். அந்த நார்மல்தான் ஆபத்து. நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

நான் மருத்துவன் இல்லை. டி.எம்.எல்.டி. என்ற லேப் டெக்னீஷியன் படிப்பு படித்துவிட்டு, பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் சிறுநீரகப் பிரிவு லேபில் சில வருடம் வேலை பார்த்து, இப்போது டெல்டாப் பக்கம் ஒரு சின்ன ஊரில் சொந்தமாக லேப் வைத்திருக்கிறேன். அந்தச் சில வருடங்களில் தலையில் ஏறியது ஒன்றுதான். யூரினில் ரத்தம் இருக்கிறது என்று எழுதிக் கொடுப்பது பாதி வேலை. அது எந்த வழியாக வந்திருக்கும் என்று ஒரு துப்பாவது கொடுத்தால்தான் மீதிப் பாதி. 100 ரூபாய் யூரின் டெஸ்ட்டில் அந்தத் துப்பு இருக்கிறது. 100 ரூபாய் என்பதாலேயே யாரும் அதைத் தேடுவதில்லை என்பது என் எண்ணம்.

வழிகள் இரண்டு. சிறுநீர் உருவான பிறகு ஓடுகிற பாதை ஒன்று: யூரிட்டர் குழாய், சிறுநீர்ப்பை, ஆண்களுக்கு புராஸ்டேட், கடைசியில் வெளித்துவாரம். கல், கிருமி, கட்டி எல்லாம் பெரும்பாலும் இந்தப் பாதையின் சங்கதிகள். இன்னொன்று, சிறுநீர் உருவாகிற இடம். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் வடிகட்டிகள் இருக்கின்றன, குளோமெருலஸ் என்பார்கள். எல்லாமாகச் சேர்ந்து ஒரு நாளைக்கு ஏறக்குறைய 180 லிட்டர் வடிக்கின்றன. அதில் ஒன்றரை லிட்டர் போல வெளியே வருகிறது, மீதி திரும்ப ரத்தத்துக்கே போய்விடுகிறது. அல்புமின் புரதத்தையே தடுத்து நிறுத்துகிற அளவுக்கு அந்த வடிகட்டிச் சவ்வு நெருக்கமானது. 7 மைக்ரான் அகலமுள்ள சிவப்பணு அதில் நுழைய வழியே இல்லை. சவ்வில் வீக்கமோ விரிசலோ வந்தால் மட்டும் அது பிதுங்கிக்கொண்டு வெளியே வருகிறது. வரும்போதே உருக்குலைகிறது. அதற்குப் பிறகு, உப்புச் செறிவு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும் நீண்ட நுண்குழாயில் பயணம். அங்கே இன்னும் கொஞ்சம் சிதைகிறது. சிறுநீர்ப்பையில் கசிந்த அணுவுக்கு இந்தப் பாடு எதுவும் இல்லை. வட்டம் கெடாமல் வந்து சேர்கிறது.

இதற்கெல்லாம் முன்னால், வந்திருப்பது ரத்தம்தானா என்று பார்க்க வேண்டும். பீட்ரூட் சாப்பிட்டுவிட்டுப் பயந்து வருகிறவர்கள் உண்டு. டி.பி.க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் சிறுநீரை ஆரஞ்சு சிவப்பாக்கும். மாத்திரை ஆரம்பிக்கும்போதே யாராவது சொல்லியிருந்தால் அந்த அலைச்சல் மிச்சம். பெண்களிடம் மாதவிடாய் நாளா என்று கேட்டே ஆகவேண்டும். என்னிடம் சொல்லக் கூச்சப்படுவார்கள் என்பதால் லேபில் இருக்கும் தங்கச்சிதான் கேட்கும். ஆமாம் என்றால் சாம்பிளே வாங்குவதில்லை, முடிந்து சில நாள் கழித்து வரச் சொல்லிவிடுவோம்.

அடுத்தது, சிறுநீரில் நனைத்து நிறம் பார்க்கும் ஸ்ட்ரிப். அதில் ரத்தத்துக்கான கட்டம் பச்சையாக மாறினால் ரத்தம் என்று எழுதிவிடுகிறார்கள். அந்தக் கட்டம் சிவப்பணுவை எண்ணுவதில்லை. சிவப்பணுவுக்குள் இருக்கும் ஹீம் என்ற பொருளோடு அது வினை புரிகிறது, அவ்வளவுதான். ஹீம் தசையிலும் இருக்கிறது. ஒருமுறை ராணுவத் தேர்வுக்காக வெயிலில் ஓடிப் பழகிய பையன் ஒருவன் கோலா நிறத்தில் சாம்பிள் கொண்டுவந்தான், கால் தொடையெல்லாம் வலி என்றான். ஸ்ட்ரிப் அடர் பச்சை. சென்ட்ரிஃப்யூஜில் போட்டுச் சுற்றினால் அடியில் சிவப்பாக எதுவும் படியவில்லை, மேல்நீர் அப்படியே கறுத்து நின்றது. மைக்ரோஸ்கோப்பில் சிவப்பணு ஒன்றிரண்டு தவிர இல்லை. தசை நார்கள் நொறுங்கி, அவற்றில் ஹீமோடு இருக்கும் மயோகுளோபின் என்ற புரதம் சிறுநீரில் இறங்கியிருந்தது. அது தனி அவசரம், சிறுநீரகத்தை அடைத்துவிடும். அன்றே ஆஸ்பத்திரியில் சேர்த்து டிரிப்ஸ் ஏற்றினார்கள். ரத்த அணுக்கள் உடலுக்குள்ளேயே உடைந்து ஹீமோகுளோபின் இறங்கினாலும் ஸ்ட்ரிப் இதே மாதிரி ஏமாற்றும். விட்டமின் சி மாத்திரை நிறைய விழுங்கியிருந்தால் நேர்மாறாக, ரத்தம் இருந்தும் கட்டம் நிறம் மாறாமல் போகலாம். ஆகவே ஸ்ட்ரிப் பச்சை காட்டினால் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தே தீர வேண்டும். ஹை பவரில் ஒரு பார்வைப் பரப்புக்கு 3 சிவப்பணு அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் ரத்தம் போகிறது என்ற கணக்கு.

நிறத்தைக் கேட்டு வாங்குவதும் ஒரு வேலை. "சிவப்பா போச்சு" என்பதோடு நிறைய பேர் நிறுத்திக்கொள்வார்கள். ரோஜா நிறமா, புது ரத்த நிறமா, கட்டன் டீ நிறமா? வடிகட்டியிலிருந்து வரும் ரத்தம் அமிலத்தன்மையுள்ள சிறுநீரில் நெடுநேரம் ஊறி வருவதால் பழுப்பேறி இருக்கும். அதில் கட்டி கட்டியாக வருவது அபூர்வம். ரத்தக் கட்டி வந்தால் கீழ்ப்பாதையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். முதலில் வந்ததா, கடைசியில் வந்ததா, முழுக்க வந்ததா என்றும் கேட்பேன். வடிகட்டி ரத்தம் என்றால் ஆரம்பம் முதல் முடிவு வரை ஒரே நிறம். 1 லிட்டர் சிறுநீரில் 1 மில்லி ரத்தம் கலந்தாலே கண்ணுக்குத் தெரியும், அதனால் ரத்தமெல்லாம் போய்விட்டதே என்ற பயம் தேவையில்லை. ஏன் போகிறது என்ற பயம் இருக்கட்டும்.

இனி எனக்குப் பிடித்த இடம், மைக்ரோஸ்கோப். 10 மில்லி சிறுநீரை 5 நிமிடம் சுற்றவிட்டு, மேல்நீரைச் சாய்த்துக் கொட்டிவிட்டு, அடியில் தங்கியதை விரலால் மெதுவாகத் தட்டிக் கலக்கி ஒரு சொட்டு ஸ்லைடில் வைப்போம். கண்டென்சரை இறக்கி வெளிச்சத்தைக் குறைக்க வேண்டும். பளிச்சென்ற வெளிச்சத்தில் முக்கியமானதெல்லாம் மறைந்துபோகும். புதிதாகச் சேரும் பிள்ளைகள் வெளிச்சத்தைக் கூட்டினால் நன்றாகத் தெரியும் என்றுதான் நினைப்பார்கள்.

சிவப்பணுவின் உருவத்தை வைத்து அது வந்த வழியைச் சொல்லலாம் என்று 1979-ல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் பிர்ச், ஃபேர்லி என்ற இருவர் லான்செட் இதழில் எழுதினார்கள். ஃபேஸ் கான்ட்ராஸ்ட் என்ற வகை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார்கள். வடிகட்டியில் நோய் உள்ளவர்களின் அணுக்கள் கோணல்மாணலாக, ஒவ்வொன்றும் ஒரு அளவாக இருந்தன. கல்லும் கட்டியும் உள்ளவர்களின் அணுக்கள் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருந்தன. 1991-ல் ஜெர்மனியில் கோஹ்லரும் அவருடைய குழுவினரும் இதை இன்னும் கறாராக்கினார்கள். கோணலாக இருக்கும் அணுக்கள் எல்லாவற்றையும் கணக்கில் சேர்த்தால் குழப்பம் வரும், பழைய சாம்பிளில் எந்த அணுவும் கொஞ்சம் கோணும். வளையம் போன்ற உடலில் சின்னச் சின்னக் குமிழ்கள் புடைத்து நிற்கும் ஒரு உருவம் இருக்கிறது, அகாந்தோசைட் என்று பெயர். இரண்டு குமிழ் எதிரெதிராக நின்றால் மிக்கி மவுஸ் தலை போலவே இருக்கும். எங்கள் சீனியர் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார். மொத்தச் சிவப்பணுவில் இவை 5 சதவீதம் அல்லது அதற்கு மேல் இருந்தால் வடிகட்டியைச் சந்தேகிக்கலாம்.

அதைவிட உறுதியான சாட்சி சிவப்பணு காஸ்ட். சிறுநீரகத்தின் நுண்குழாய்கள் யூரோமாடுலின் என்ற ஒருவகைப் புரதத்தைச் சுரக்கின்றன. அது குழாய்க்குள்ளேயே இறுகி, முறுக்கு அச்சில் பிழிந்தது போல உருளையாக வெளியே வரும். அந்த நேரத்தில் குழாயில் சிவப்பணுக்கள் இருந்தால் அவையும் அதில் பதிந்துகொள்ளும். சிறுநீர்ப்பையிலோ யூரிட்டரிலோ இப்படி ஒன்று உருவாகவே முடியாது. ஸ்லைடில் செங்கல் நிறத்தில் ஒரு உருளை, உள்ளே அணுக்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருப்பது தெரிந்தால், ரத்தம் சிறுநீரகத்துக்குள்ளேயே கலந்தது என்று தைரியமாக எழுதலாம். ஆனால் தேட வேண்டும். ஸ்லைடின் ஓரங்களில்தான் ஒதுங்கியிருக்கும். பத்து நிமிடம் பொறுமை வேண்டும், அது சில நாளைக்குக் கிடைக்கும், சில நாளைக்குக் கிடைக்காது.

எல்லாவற்றுக்கும் மேல் சாம்பிள் புதிதாக இருக்க வேண்டும். காலையில் போகும் கெட்டியான நீர், முன்பாதியை விட்டுவிட்டு நடுவில் பிடித்தது, ஒரு மணி நேரத்துக்குள் லேபுக்கு வந்தது என்றால் உத்தமம். நேரம் போகப் போக அணுக்கள் வெடிக்கும், காஸ்ட் கரையும். நீர்த்துப்போன, காரத்தன்மையுள்ள சிறுநீரில் இன்னும் சீக்கிரம் கரையும். இப்போது நிறைய இடங்களில் காலை 7 மணிக்கு டப்பாவில் வாங்கி, மேஜையில் வரிசையாக வைத்து, மதியம் வண்டியில் ஏற்றி, வேறு ஊரில் சாயங்காலம் மெஷினில் ஓட்டுகிறார்கள். ரிப்போர்ட் அழகாக அச்சாகி போனுக்கு வந்துவிடும்: ஆர்.பி.சி. (சிவப்பணு) 20–25. எண் சரியாகவே இருக்கலாம். அந்த 20 பேரும் எந்த வழியாக வந்தார்கள் என்று கேட்க ஆள் இல்லை. மெஷின் மேல் எனக்குப் பொறாமை என்று என் மனைவி சொல்வாள், அதுவும் இருக்கலாம்.

உருவம் பார்ப்பதிலும் ஓட்டைகள் உண்டு, மறைக்கவில்லை. ஒருவர் கண்ணுக்கு அகாந்தோசைட்டாகத் தெரிவது இன்னொருவர் கண்ணுக்குத் தெரியாது. அகாந்தோசைட் இல்லை என்பதால் வடிகட்டி நோய் இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. அதனால்தான் உருவத்தோடு மூன்று விஷயங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது: புரதம், பிபி, கிரியாட்டினின் என்ற கழிவின் ரத்த அளவு.

எங்கள் தெருவில் ஒரு பையன், காலேஜ் படிப்பவன். அவனுடைய அம்மா ஒரு நாள் காலையில் டப்பாவோடு வந்து, "அண்ணே, ஒன்னுக்கு காப்பித் தண்ணி மாதிரி போறான்ணே, போன வருஷம் இப்படித்தான் கல்லுன்னு மருந்து குடுத்தாங்க" என்றார்.

"ஸ்கேன்ல கல்லு தெரிஞ்சுதா தங்கச்சி?"

"தெரியல, விழுந்துருச்சுன்னாங்க."

"இப்ப ஜலதோஷம், தொண்டை வலி எதுவும்?"

"நேத்துதான் தொண்டை கட்டி ஜுரம். போன தடவையும் ஜுரத்தோடதான்."

தொண்டை வலி வந்த ஒன்றிரண்டு நாளிலேயே சிறுநீர் கறுத்தால், அதுவும் இரண்டாவது முறை என்றால், சிறுநீரகப் பிரிவு லேபில் வேலை பார்த்த எவனுக்கும் ஒரே பெயர்தான் மனதில் ஓடும்: ஐஜிஏ நெஃப்ரோபதி, ஐஜிஏ என்ற எதிர்ப்புப் புரதம் வடிகட்டியில் படிந்து வரும் நோய். ஸ்லைடில் குமிழ் வைத்த அணுக்கள் கும்பலாக இருந்தன, தேடியதில் காஸ்ட்டும் கிடைத்தது. புரதம் 2 பிளஸ். லேபில் இருந்த பிபி மெஷினை அவன் கையில் கட்டினேன், 150/96. வயது 19. அவனுக்கு அதுவரை யாரும் பிபி பார்த்ததே இல்லை. சின்னப் பையனுக்கு எதற்கு பிபி என்ற நினைப்பு நோயாளிகளுக்கு மட்டும் இருப்பதில்லை.

புரதத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1827-ல் லண்டன் கைஸ் மருத்துவமனையின் ரிச்சர்ட் பிரைட், உடம்பு வீங்கியவர்களின் சிறுநீரைச் சூடாக்கினால் முட்டை வெள்ளைக்கரு போலத் திரிகிறது என்று காட்டினார். சிறுநீரக நோயும் புரதமும் ஜோடி சேர்ந்தது அங்கேதான். நாங்கள் டி.எம்.எல்.டி.யில் டெஸ்ட் டியூபின் மேல்பாதியை விளக்கில் காட்டி, அசிட்டிக் அமிலம் இரண்டு சொட்டு விட்டுப் பார்த்ததும் அதே சோதனையின் பேரப்பிள்ளைதான். நம் சித்த வைத்தியர்கள் நீர்க்குறியில் பார்த்த ஐந்தில் நிறம், எடை, மணம், எஞ்சல் ஆகியவற்றோடு நுரையும் ஒன்று. புரதம் இறங்கினால் நுரை கட்டும், அடங்காது. பழைய ஆட்கள் உற்றுப் பார்த்திருக்கிறார்கள்.

ஸ்ட்ரிப்பின் பிளஸ் கணக்கை அப்படியே நம்ப முடியாது. தண்ணீர் குறைவாகக் குடித்துக் கெட்டியாகப் போனால் 1 பிளஸ் தானாக வரும். அதனால் ஒரே சாம்பிளில் புரதத்தையும் கிரியாட்டினினையும் அளந்து விகிதம் எடுப்பார்கள். 0.2-க்குக் கீழே இருந்தால் கவலையில்லை. ரத்தத்தோடு 0.5-க்கு மேல் என்றால் வடிகட்டியின் மேல் சந்தேகம் பலமாகிறது. கண்ணுக்குத் தெரிகிற அளவு ரத்தம் போகும்போது அந்த ரத்தத்தின் புரதமே விகிதத்தை ஏற்றிவிடும் என்பதால், நிறம் தெளிந்த பிறகு ஒருமுறை எடுக்க வேண்டும். பையனுக்குத் தெளிந்த பிறகும் 1.1. ரத்தக் கிரியாட்டினின் 1.3. ரிப்போர்ட்டில் அதற்குப் பக்கத்தில் சிவப்புக் குறி எதுவும் விழவில்லை. ஆள் ஒல்லி, சதை குறைந்தவனுக்கு 1.3 நல்ல எண் கிடையாது. கிரியாட்டினின் எல்லையைத் தாண்டும்போது பல பேருக்குச் சிறுநீரக வேலையில் பாதி போயிருக்கும், ஆகவே வயதையும் பாலினத்தையும் சேர்த்துக் கணக்கிடும், வடிகட்டும் வேகத்தைச் சொல்லும் ஜி.எஃப்.ஆர். எண்ணைத்தான் டாக்டர்கள் பார்ப்பார்கள்.

ரிப்போர்ட்டின் கீழே உருவத்தைப் பற்றி இரண்டு வரி எழுதி, நெஃப்ராலஜி டாக்டரிடம் போகச் சொன்னேன். சிறுநீரகம் என்றாலே யூராலஜி என்று நினைத்துக்கொண்டு மாறிப் போகிறவர்கள் நிறைய. வடிகட்டி நெஃப்ராலஜி, குழாய் யூராலஜி.

தொண்டை வலிக்கும் சிறுநீருக்கும் நடுவே எத்தனை நாள் என்ற கேள்வி சின்னதாகத் தெரியும், பெரிய வேலை செய்யும். ஒன்றிரண்டு நாள் என்றால் ஐஜிஏ பக்கம். ஒன்று முதல் மூன்று வாரம் என்றால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிக்குப் பின் வரும் வடிகட்டி அழற்சி. தோலில் புண் வந்து அதற்குப் பின் என்றால் இடைவெளி இன்னும் நீண்டு மூன்று முதல் ஆறு வாரம் வரை போகும். இதை ஊர்ப்புறத்தில் சாதாரணமாகப் பார்க்கலாம். சிரங்கு வந்து, சொறிந்து, சீழ் பிடித்த குழந்தை. புண் ஆறி எல்லோரும் மறந்த பிறகு ஒரு நாள் காலையில் முகம் அதைத்து, நீர் குறைந்து, கறுத்துப் போகும். அந்தக் குழந்தைக்கு உடனே பிபி பார்க்க வேண்டும், ஏறிப்போய் வலிப்பு வருவது உண்டு. ரத்தத்தில் சி3 என்ற காம்ப்ளிமென்ட் புரதம் குறைந்திருக்கும், ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் தானாக ஏறிவிடும். ஏறவில்லை என்றால் வேறு நோயைத் தேட வேண்டும். பெரும்பாலான குழந்தைகள் முழுக்கச் சரியாகிவிடுகிறார்கள் என்பதால் அம்மாக்களிடம் இந்த நோயைச் சொல்வது ஒப்பீட்டளவில் சுலபம்.

மற்ற ரத்தச் சோதனைகளை எல்லோருக்கும் மொத்தமாக எழுதுவதில் அர்த்தமில்லை. இளம் பெண், மூட்டு வலி, முடி கொட்டுதல், வெயிலில் முகம் சிவத்தல் என்றால், உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் லூபஸ், அதற்கு ஏ.என்.ஏ., டி.எஸ்.டி.என்.ஏ., சி3, சி4 என்ற ரத்தச் சோதனைகள். நடுவயதைத் தாண்டியவர், உடம்பு இளைப்பு, மூக்கில் ரத்தம், ஆறாத சைனஸ் என்றால், ரத்தக் குழாய் அழற்சியைத் தேடும் ஆன்கா சோதனை. இருமலில் ரத்தமும் சிறுநீரில் ரத்தமும் சேர்ந்து வந்தால் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் ஒன்றாகத் தாக்கும் நோய்கள் உண்டு, அதற்கு ஆன்காவும், வடிகட்டிச் சவ்வைத் தாக்கும் எதிர்ப்புப் புரதத்தைத் தேடும் ஆன்டி ஜி.பி.எம். சோதனையும், இரண்டும் அன்றைக்கே. கிரியாட்டினின் போன வாரம் 1.2, இந்த வாரம் 2.4 என்று ஓடுகிறவருக்கு அடுத்த மாத அப்பாயின்ட்மென்ட் வாங்கிக்கொண்டு காத்திருக்கக் கூடாது. வாரக்கணக்கில் இரண்டு சிறுநீரகமும் போய்விடும் ரகம் அது, நேரத்தில் பிடித்தால் மருந்துக்குக் கேட்கும். ஹெபடைடிஸ் பி, சி, எச்.ஐ.வி. சோதனைகளும் பட்டியலில் இருக்கும். அவையும் வடிகட்டியைப் பாதிக்கும், பின்னால் கொடுக்கப்போகும் மருந்துக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

குடும்பத்தில் காது கேட்காதவர்கள் உண்டா என்று டாக்டர் கேட்டபோது பையனின் அம்மா திகைத்துப் போனாராம். காரணம் இருக்கிறது. சிறுநீரில் ரத்தமும் காது கேளாமையும் சேர்ந்து குடும்பத்தில் இறங்கும் நோயை 1927-ல் ஆல்போர்ட் என்ற மருத்துவர் விவரித்தார், அவர் பெயரிலேயே இன்றும் இருக்கிறது. வடிகட்டிச் சவ்வைப் பின்னும் கொலாஜன் நார் காதிலும் கண்ணிலும் இருக்கிறது. ஆண் பிள்ளைகளுக்குத்தான் பெரும்பாலும் கடுமையாக வரும், அம்மாவுக்கு வெறும் ஸ்ட்ரிப் பச்சையோடு நின்றுபோகலாம். இதனால் அம்மா, அக்கா தங்கைகளின் சிறுநீரையும் பார்ப்பது வழக்கம். இவர்கள் வீட்டில் எல்லோருக்கும் சுத்தமாக இருந்தது.

பயாப்ஸி என்றதும் வீடே அழுதது. புற்றுநோய்க்குத்தான் பயாப்ஸி எடுப்பார்கள் என்ற எண்ணம். குப்புறப் படுக்க வைத்து, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே, மரத்துப்போக ஊசி போட்டு, ஸ்பிரிங் ஊசியால் நூல் போன்ற இரண்டு துண்டு எடுப்பார்கள். ரத்தக் கசிவுதான் இதில் உள்ள முக்கிய ஆபத்து, ஆகையால் பிபியைக் குறைத்துவிட்டுத்தான் செய்வார்கள், அப்புறம் ஒரு நாள் படுக்க வைத்து ஒவ்வொரு முறையும் சிறுநீரின் நிறத்தைப் பார்ப்பார்கள். லேப் ஆள் என்ற முறையில் ஒன்று சேர்த்துக்கொள்கிறேன்: ஒரு துண்டு ஃபார்மலினில் போகும், இன்னொன்று ஒளிரும் சாயம் சேர்த்துப் பார்க்கும் இம்யூனோ ஃப்ளூரசன்சுக்கு. அந்த இரண்டாவது துண்டை ஃபார்மலினில் போட்டால் போச்சு. ஐஜிஏ என்று சொல்வதே அந்தத் துண்டில் தெரியும் ஒளிரும் படிவை வைத்துத்தான். 1968-ல் பாரிசில் பெர்ஜெரும் ஆங்லேயும் இந்த நோயைக் கண்டுபிடித்ததும் அந்த முறையில்தான். சாதாரண மைக்ரோஸ்கோப்பில் வெறும் அழற்சி போலத் தெரிந்து தப்பித்துக்கொண்டிருந்த நோய் அது. பையனுக்கும் அதேதான் வந்தது. உப்பைக் குறைத்து, பிபிக்கும் புரதத்துக்கும் சேர்த்து ஒரு மாத்திரை, வலி மாத்திரைக்குத் தடை என்று ஆரம்பித்தார்கள். விகிதம் இப்போது 0.4.

எல்லாவற்றையும் வடிகட்டியின் தலையில் கட்டுவதும் தப்பு. பீடி பிடிக்கும் பெரியவர் ஒருவர் வலியில்லாமல் கட்டி கட்டியாகச் சிவப்பாகப் போகிறது என்று வந்தால், நான் உருவத்தை ஆராய்ந்துகொண்டிருக்க மாட்டேன். சிறுநீர்ப்பைப் புற்று இல்லை என்று யூராலஜி டாக்டர் கேமரா விட்டுப் பார்த்துச் சொல்லும் வரை அதுதான் முதல் சந்தேகம். "நான் ரத்தம் இளகுற மாத்திரை சாப்பிடுறேன், அதனாலதான் தம்பி" என்பார்கள். அந்த மாத்திரை கசிவை அதிகமாக்கும், கசியும் இடம் வேறாக இருக்கலாம். மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் முழுப் பரிசோதனை தேவை. வயதானவர்களுக்கு இரண்டு வழியிலும் ஒரே சமயத்தில் கோளாறு இருந்த கேசும் உண்டு.

கடைசியாக ஒரு கூட்டம் இருக்கிறது. வளைகுடா வேலைக்கு மெடிக்கல் போன இடத்தில் யூரினில் ரத்தம் என்று எழுதிவிட்டதாகக் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை, உடம்புக்கு ஒன்றும் இல்லை, விசா காத்திருக்கிறது. முதலில் முந்தின நாள் ஓட்டம், ஜிம், கபடி ஏதாவது உண்டா என்று கேட்பேன். கடும் உழைப்புக்குப் பிறகு சில சிவப்பணு இறங்குவது சகஜம், இரண்டு மூன்று நாள் ஓய்வில் மறைந்துவிடும். ஓய்வெடுத்துவிட்டுத் திரும்பக் கொடுத்தும் இருந்தால் விகிதம், கிரியாட்டினின், பிபி, ஒரு ஸ்கேன். வயதும் புகைப் பழக்கமும் இருந்தால் யூராலஜி பக்கமும். எல்லாம் சரியாக இருந்து, உருவம் மட்டும் கோணலாக இருந்தால் பெரும்பாலும் பயாப்ஸி வரை போக மாட்டார்கள். மெல்லிய சவ்வு என்ற பிறவிக் குணமாக இருக்கலாம், ஐஜிஏயின் ஆரம்பமாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் அந்தக் கட்டத்தில் செய்வது ஒன்றுதான், வருடத்துக்கு ஒருமுறை சிறுநீர், பிபி, கிரியாட்டினின். புரதம் தலைகாட்டினாலோ பிபி ஏறினாலோ வருடம் முடியக் காத்திருக்க வேண்டாம். அங்கே போய்ச் சேர்ந்த பிறகும் இதைத் தொடரச் சொல்லி, பழைய ரிப்போர்ட்டைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். லீவில் வரும்போது சிலர் நேராக லேபுக்கே வந்துவிடுகிறார்கள், மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு, காலையில் பிடித்த டப்பாவோடு. அதைக் கொட்டிவிட்டு, அங்கேயே புதிதாக ஒன்று கொடுக்கச் சொல்வேன்.